அதே வரி

போதகர் ஃபார்க்கர் கில்கிறிஸ்டுக்கு
மூன்று வருஷம் வண்டி ஓட்டினேன்.
கடவுளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.
அவர் அதைப் பற்றிக் கேட்டதுமில்லை.
'கிளட்ச் ஏன் இப்படி முனகுகிறது'
என்றுதான் கேட்பார்.

எங்கள் ஊர் ஓவாக்கா, நியூசிலாந்தின் தென்கோடி.
மழை, பாசி, செம்மறியாடு.
பிரஸ்பிட்டேரியன் கோயிலின் பலகை இருக்கைகள்
யாரும் சாய்ந்து தூங்கிவிடாதபடி
விறைத்து நிற்கும்.
படமில்லை, மெழுகுவர்த்தியில்லை,
உரத்த ஆமென்கூட இல்லை.

அங்கிருந்து லிபியாவுக்கு வந்தவர்
முதல் ஞாயிறு வாசித்தது
மலைகளைப் பார்க்கச் சொல்லும் சங்கீதம்.
கண்ணுக்கெட்டியவரை ஒரு புற்றுகூட இல்லை.
பையன்கள் சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார்,
வாசித்து முடித்த பிறகு.

இராப்போஜனத்துக்கு ஒரு டின் குவளை.
திராட்சைரசம் தீர்ந்துபோன மாதம்
கறுப்புத் தேநீர்.
'ஊரில் சபை மூப்பர்களிடம் சொல்லிவிடாதே.'
சொல்லவில்லை.
இதோ இப்போதுதான்.

போகப் போகப் புதைப்பதே எங்கள் வேலை என்றானது.
நான் தோண்டுவேன்.
தலைப்பக்கம் அவர்தான் பிடிப்பார்,
என்னைப் பார்க்க விடமாட்டார்.
பிறகு நோட்டில் அடையாளம்:
'எரிந்த லாரியிலிருந்து வடக்கே நாற்பது அடி.'
மறுவாரம் மீட்புப் படை வந்து
லாரியை இழுத்துக்கொண்டு போய்விட்டது.
அன்று அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை
எந்தச் சங்கீதத்திலும் இல்லை.

(இந்த மார்ச்சில் அவருக்கும் நானே தோண்டினேன்.
அடையாளம் எழுதவில்லை. கல் வைத்திருக்கிறார்கள்.)

இரவில் தார்ப்பாய்க்குள்
நான் லாந்தர் பிடிக்க, தாய்மாருக்குக் கடிதம்.
ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பையன்:
சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவன்,
தெருநாய்க்குத் தன் பிஸ்கட்டைப் போடுகிறவன்,
மவுத்ஆர்கனைத் தப்புத்தப்பாய் ஊதுகிறவன்.
முடிவில் மட்டும் அதே வரி:
'அவனுக்கு வலி தெரியவில்லை.'
அந்த இடத்தில் பேனா நிற்கும்.
மை தொடும்.
போகும்.

லாக்லன் ராட்ரேயின் கடிதத்தன்று
லாந்தரை நான் கொஞ்சம் தாழ்த்தினேன்.
விடியும்வரை ராட்ரே கத்தியதை
இருவருமே கேட்டிருந்தோம்.

நாற்பத்தேழில், தபாலாபீஸ் வாசலில்
இரண்டு தாய்கள் கைப்பையிலிருந்து எடுத்து
அருகருகே பிடித்துப் பார்த்தார்கள்.
எட்டே நாளில்
சுற்றுவட்டார இழுப்பறைகளெல்லாம் திறந்துகொண்டன.

ஞாயிறு பிரசங்கத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
திங்கள் விடிகாலை
என் மாட்டுத் தொழுவத்தில் வந்து நின்றார்.
'வண்டியை எடு.'

ஒன்பது வீடு.
இஞ்சினை அணைக்காமல் வெளியே இருந்தேன்.
ஒரு வீட்டில் கதவு அறைந்த சத்தம்.
ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம்;
திரும்பும்போது அவர் முதுகில்
ரொட்டி மாவு, பத்து விரலும் பதிந்து.
ஒரு தகப்பன் கேட்டானாம்:
'நிஜமாகவே வலி தெரியாமல் போனவன்
எவனாவது உண்டா?'
'மூன்று பேர்.'
'என் மகன்?'
அதற்கு மேல் அவர் எனக்குச் சொல்லவில்லை.

ராட்ரே வீடு கடைசி. குன்றின்மேல். மழை.
அந்தம்மா படியிலேயே நிறுத்தி
அவர் வாய் திறக்குமுன் சொன்னார்:
'தெரியும், போதகரே.
பல் முளைத்தபோதே ஊரைக் கூட்டியவன் அவன்.
கடிதம் அப்படியே இருக்கட்டும்.
உள்ளே வாருங்கள். டிரைவரையும் கூப்பிடுங்கள்.'

மேஜையில் மூன்று கோப்பை.
ஜெபம் சொல்ல வேண்டிய இடத்தில்
அவருக்குக் குரல் எழும்பவில்லை.
அந்தம்மா காத்திருந்தார், பிறகு ஊற்றினார்.
கறுப்புத் தேநீர். பால் தீர்ந்துவிட்டதாம்.
வண்டியில் என் பண்ணைப் பால்
இரண்டு கேன் நிறைய இருந்தது.
எழுந்து போய் எடுத்துவர
எனக்குத் தோன்றவில்லை.